பச்சிலை மேல் போட்ட பழி

மந்தார இலையை நாலாக மடித்து, நாரால் கட்டி, என் மேசை மேல் வைத்தாள் காசியம்மா. வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“இன்னா இது?” என்றேன்.

“மூஞ்சிக்கு. பருவு மேல பூசு. காஞ்சதும் கழுவிடு.”

பிரித்துப் பார்த்தேன். நைசாக அரைத்த பழுப்பு விழுது. வசம்பு நெடி குப்பென்று ஏறியது.

“இதுல இன்னா போட்டிருக்க?”

“கடுக்கா. வசம்பு.”

“அப்புறம்?”

“அவ்ளோதான்.”

சொல்லும்போது அவள் கண் ஜன்னல் பக்கம் போய்த் திரும்பியது. நான் நர்ஸ். மாத்திரையை முழுங்கினேன் என்று பொய் சொல்பவர்கள் எந்தப் பக்கம் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

“வேற இன்னாவோ இருக்குது காசியம்மா.”

“இருந்தா இன்னா? பூசிக்கோ நர்சம்மா. கேள்வி கேக்காத.”

அவள் போன பிறகும் அந்தப் பொட்டலத்தை நெடுநேரம் தொடவில்லை.

நர்சம்மாவின் முகம்

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஆலங்காயத்துப் பெண். காவலூரைத் தாண்டி, ஜவ்வாது மலைக்குள் ஒரு சிற்றூரில் இரண்டு அறை கொண்ட துணை சுகாதார நிலையம், அதுவே வீடும். முன்னறையில் எடை பார்க்கும் தராசு, மேசை, மருந்துப் பெட்டி. பின்னறையில் என் பாய், என் டிரங்குப் பெட்டி, கையளவு கண்ணாடி ஒன்று.

அந்தக் கண்ணாடியைத்தான் நான் அதிகம் வெறுத்தேன். பதினாறு வயதில் நெற்றியில் ஆரம்பித்த பரு, இருபத்திரண்டில் கன்னம், தாடை, கழுத்து என்று இறங்கியிருந்தது. சீழ் வைத்து, உடைந்து, கறுத்து, அதன் மேலேயே புதிதாக முளைக்கும். தலையணை உறையில் புள்ளி புள்ளியாக ரத்தம் இருக்கும்.

வீட்டில் இருந்திருந்தால் அது என்னோடு போகும். மலையில் அது வேலைக்கே வினையாகிவிட்டது.

முதல் மாதமே ஒரு பெரியவர் நேராகக் கேட்டுவிட்டார். “ஒம் மூஞ்சியவே ஒனக்கு சரி பண்ணிக்கத் தெரியல. நீ எங்க புள்ளைக்கு ஊசி போட்றியா?”

அது ஜனங்கள் அரசாங்க ஜீப்பைக் கண்டாலே காட்டுக்குள் போய்விடுகிற காலம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்குப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று கீழேயிருந்து வந்த பேச்சு மலை முழுக்கப் பரவியிருந்தது. நான் கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைத் தின்றால் கர்ப்பம் தங்காது என்றார்கள். காவலூரில் வானத்தைப் பார்க்க வைத்திருந்த பெரிய தொலைநோக்கியைக்கூட அவர்கள் நம்பவில்லை. “வானத்தப் பாக்குதோ, எங்க வூட்டப் பாக்குதோ, யாரு கண்டா?” என்று ஒருவர் என்னிடமே கேட்டார்.

இப்படிப்பட்ட ஊரில் முதன்முதலாகத் தன் பெண்குழந்தையை என் மடியில் வைத்தவள் காசியம்மா. என் வயதுதான் இருக்கும். சாமைக் காடு கொஞ்சம், புளியமரம் இரண்டு, வெள்ளையன் என்று அதிகம் பேசாத புருஷன். அவள் குழந்தைக்கு முதல் ஊசி போட்ட பிறகுதான் மற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் ஒருத்தி போனால் ஊரே போய்விடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

யார் யாரோ சொன்னது

பரு என்றால் எல்லோரிடமும் ஒரு மருந்து இருக்கும். வாங்கிக்கொள்ள முகம்தான் ஒன்று.

அம்மா வேப்பிலையும் கஸ்தூரி மஞ்சளும் அரைத்தாள். பக்கத்து வீட்டு மாமி சங்கை உரைத்துத் தடவச் சொன்னாள். காய்ந்ததும் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெடித்தது. அக்கா ஜாதிக்காயைப் பாலில் உரைத்தாள். என் சித்தி எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பருவின் மேலேயே தேய்த்தாள். அன்று நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது என்று சித்தப்பா ரொம்ப நாள் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வாரப் பத்திரிகையின் கேள்வி பதில் பகுதிக்கும் எழுதிப் போட்டேன், பொய்ப் பெயரில். பதில் வந்தது. கடலை மாவால் கழுவவும், எண்ணெய்ப் பலகாரம் தவிர்க்கவும், கவலைப்படாமல் இருக்கவும். முதல் இரண்டையும் செய்தேன்.

பத்தியத்தையும் விடவில்லை. சூட்டு உடம்பு என்று மாம்பழம் நிறுத்தினார்கள். வேர்க்கடலை, முட்டை, கருவாடு எல்லாம் போயிற்று. முகம் மட்டும் அப்படியே இருந்தது. ஒவ்வொன்றையும் பத்து நாள் செய்வேன், பிறகு அதன் மேலேயே சந்தேகம் வரும். இது கெடுக்கிறதோ என்று விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவேன்.

டியூப்

மலைக்கு வந்த பிறகு, ஊருக்குப் போயிருந்த ஒருநாள், ஒரு மருந்துக் கடையில் முகத்தைக் காட்டினேன். கடைக்காரர் சீட்டு எதுவும் கேட்கவில்லை. சின்ன டியூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“லேசாத் தடவுங்க சிஸ்டர். ஒரே வாரம்.”

ஒரே வாரம்தான். சிவப்பு அடங்கியது. தோல் வழுவழுவென்று ஆனது. கண்ணாடியில் வேறு யாரோ நிற்பது போல இருந்தது. ‘நர்சம்மா வெளுத்துட்டா’ என்று பெண்கள் என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள்.

நிறுத்தினால் இரண்டு நாளில் திரும்ப வந்தது. மறுபடி தடவினேன். காலையில் மட்டும் என்றிருந்தது இரண்டு வேளை ஆனது. அது என்ன மருந்து என்று நான் படிக்கவில்லை. படிக்கத் தெரியாமல் இல்லை. படித்தால் விட வேண்டியிருக்குமோ என்று பயம். தாய்மார் கூட்டத்தில் “கண்ட கண்ட மருந்தைத் தடவாதீங்க” என்று பேசிவிட்டு வந்து டிரங்குப் பெட்டியைத் திறப்பேன். இப்படி ஏழெட்டு மாதம் போயிற்று.

ஐப்பசி மழையில் ஒருமுறை பாதை அரித்துக்கொண்டு போய், பத்துப் பன்னிரண்டு நாள் பஸ் வரவில்லை. டியூப் தீர்ந்துவிட்டது. கத்தரியால் அறுத்து உள்ளே ஒட்டியிருந்ததையும் வழித்துப் பூசினேன். அதற்கு அடுத்த நாள்தான் காசியம்மா இலைப் பொட்டலத்தோடு வந்தாள்.

வேறு வழியில்லாமல் அன்று மாலையே அவள் விழுதைப் பூசினேன். குளுகுளுவென்று இருந்தது. மறுநாளும் பூசினேன். நாலாம் நாள் முகம் எரிந்தது. ஆறாம் நாள் கண்ணுக்குக் கீழே இருந்து தாடை வரை ரத்தச் சிவப்பாகி, கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. தண்ணீர் பட்டால்கூட மிளகாய் அரைத்துத் தடவிய மாதிரி காந்தியது.

என் மனசு எதையெல்லாம் யோசித்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அவள் ஜன்னலைப் பார்த்தாளே. ‘கேள்வி கேக்காத’ என்றாளே. என்னை ஊரைவிட்டு ஓட்டுவதற்கு யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெரியவரா, வெள்ளையனா? ஒரு வாரமாக அவள் இந்தப் பக்கமே வரவில்லையே, ஏன்? ஒவ்வொன்றாகக் கோத்து முடிச்சுப் போட்டுவிட்டேன்.

டீக்கடை வாசலில்

பஸ் மறுபடி ஓட ஆரம்பித்த அன்று, அது வந்து நிற்கும் டீக்கடை வாசலில் பத்திருபது பேர் கூடியிருந்தார்கள். காசியம்மா புளி மூட்டை ஏற்ற வந்திருந்தாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நேராக அவளிடம் போனேன். எல்லோர் முன்னாலும் முந்தானையை எடுத்தேன்.

“பாரு. நல்லாப் பாரு. இன்னாத்தப் போட்டுக் குடுத்த?”

அவள் திகைத்துப்போனாள். “ஐயோ, இன்னா இது...”

“நீதான் சொல்லணும். அந்த விழுதுல இன்னா இருந்துச்சு? கடுக்கா, வசம்பு, அப்புறம்?”

அவள் வாய் திறந்தது. பிறகு என் தோளுக்கு மேலாக எதையோ பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது.

“சொல்லு காசியம்மா!”

“மண்ணு” என்றாள். “வெறும் மண்ணு.”

“மண்ணா? எம் மூஞ்சிக்கு மண்ணக் குழைச்சுக் குடுத்தியா?”

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. மூட்டையை அப்படியே விட்டுவிட்டு வரப்பில் இறங்கி வேகமாக நடந்தாள். எனக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரிதான் தெரிந்தது.

காலி ஜமக்காளம்

அடுத்த தடுப்பூசி நாளில் வாசலில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தேன். கீழேயிருந்து பஸ்ஸில் வந்த பிளாஸ்கில் ஐஸ்கட்டிகளுக்கு நடுவே மருந்துப் புட்டிகள். சிரிஞ்சு கொதிக்க வைத்து எடுத்தாயிற்று. மத்தியானம் வரை ஒரு குழந்தைகூட வரவில்லை. ஐஸ் தண்ணீராகிவிட்டது.

எதிரே போன ஒரு பெண்ணை நிறுத்திக் கேட்டேன். “நீ எங்க பொண்ணயே நாலு பேரு முன்னால திருடியாட்டம் நிக்க வெச்ச. இனிமே எவ வருவா?” என்று சொல்லிவிட்டு, நிற்காமல் போனாள்.

அதற்குப் பத்து நாள் கழித்துப் பக்கத்துச் சிற்றூரில் கக்குவான் இருமல் கண்டது. இருமி இருமி மூச்சிழுக்கும்போது அந்தக் குழந்தைகளின் தொண்டையிலிருந்து வரும் சத்தத்தைக் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். ஒரு கைக்குழந்தை போய்விட்டது. அதைத் தடுக்கும் மூன்று ஊசியில் காசியம்மாவின் பெண்ணுக்கு ஒன்றுதான் போட்டிருந்தது.

டாக்டரம்மாவின் கேள்வி

மாதக் கூட்டத்துக்குக் கீழே இறங்கினேன். கூட்டம் முடிந்ததும் டாக்டரம்மா என்னை மட்டும் நிறுத்தினார். ஐம்பது வயதிருக்கும், சிரிக்காத முகம். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

“என்ன தடவினே?”

“ஒரு மலைக்காரம்மா குடுத்த பச்சிலைங்க டாக்டர்.”

“அதுக்கு முன்னாடி?”

“ஒண்ணும் இல்லீங்க.”

“பொய் சொல்லாதே. பச்சிலை பட்டுப் புண்ணாகும், தடிக்கும். தோல் இப்படிக் காகிதமா மெலியாது. கன்னத்துல சின்னச் சின்ன ரத்த நாளம்கூடத் தெரியுது பார். கடையில விக்கிற டியூபை எத்தனை மாசமாத் தடவுறே?”

நான் அழுதுவிட்டேன். நான் அழுது முடியும் வரை அவர் காத்திருந்தார், சமாதானம் சொல்லவில்லை. அது ஸ்டீராய்டு மருந்து, பருவுக்கானது இல்லை, பூசும் வரை அமுக்கி வைத்திருந்துவிட்டு, நிறுத்தியதும் பொங்கும் என்றார். “இனி தொடாதே. ரெண்டு மூணு மாசம் எரியும். பச்சைத் தண்ணியில கழுவு. வேற எதையும் பூசாதே, பச்சிலையும் சேர்த்துத்தான். அந்த மலைக்காரம்மா பாவம்.”

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். காற்று பட்டுக் கன்னம் எரிந்தது. ஜன்னலை மூடவில்லை.

சாமைக் காட்டில்

மறுநாள் காலை அவள் வீட்டுக்கு நடந்து போனேன். வாசலில் வெள்ளையன் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் எனக்குப் பின்னால் பாதையைப் பார்த்தான்.

“ஆளக் கூட்டியாந்தியா?”

“யார?”

“தெரியாத மாதிரி கேக்காத.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. காசியம்மா காட்டில் களத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை மரத்தடியில் துணி விரிப்பில் கிடந்தது. அருகில் போய் நின்றேன். நிமிரவில்லை.

“தப்பு எம் பேர்ல காசியம்மா. ஒன் மருந்து இல்ல. நான் கடையில ஒரு டியூப் வாங்கி ஒளிச்சு வெச்சுத் தடவிக்கிட்டிருந்தேன். அதுதான் இப்படிப் பண்ணிடுச்சு.”

களைக்கொட்டு நின்றது.

“அன்னிக்கு நீ கத்தும்போது ஒன் பின்னால யாரு நின்னுக்கினு இருந்தான்னு பாத்தியா?” என்று கேட்டாள்.

நான் பார்த்திருக்கவில்லை.

“காட்டிலாகா கார்டு. டீ குடிச்சிக்கினு நின்னான். அந்த விழுதுல சந்தனம் போட்டேன். எங்க காட்டோரம் பட்டுப்போன மரத்து வேரு, எம் வெரலு நீட்டு இருக்கும். அத நான் அங்க சொல்லணுமா? எம் புருசன உள்ள தூக்கிப் போட்ருப்பாங்க.”

இந்த மலையில் சந்தன மரம், யார் நிலத்தில் நின்றாலும், அரசாங்கத்துடையது என்று எல்லோருக்கும் தெரியும். விரல் நீளத் துண்டு வைத்திருந்தாலும் கேள்விதான். அதனால்தான் ஜன்னலைப் பார்த்தாள். அதனால்தான் கேள்வி கேட்காதே என்றாள்.

“எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கலாமே.”

“நீயும் கவர்மெண்டு. அவனும் கவர்மெண்டு” என்றாள். “நீ வேணும்னே அவன நிக்க வெச்சிக்கினு எங்கிட்டக் கேட்டன்னு நெனச்சேன். இன்னிக்கு வரைக்கும் அப்டித்தான் நெனச்சிக்கினு இருந்தேன்.”

நான் அவளைச் சந்தேகப்பட்ட அத்தனை நாளும் அவளும் என்னைச் சந்தேகப்பட்டிருக்கிறாள். அவளுடைய காரணம் என்னுடையதைவிட நல்ல காரணம்.

“நாலு பேரு முன்னால சொன்ன. நாலு பேரு முன்னால வந்து மாத்திச் சொல்லு” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தாள்.

அதே புட்டியிலிருந்து

தடுப்பூசி பிளாஸ்க் வரும் நாளையே தேர்ந்தெடுத்தேன். டீக்கடை வாசலில், பஸ் வந்து நின்றபோது, அறுத்த டியூபைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். காசியம்மாவின் விழுது என்னைக் கெடுக்கவில்லை, இந்த டியூப்தான் கெடுத்தது, நான் அதை மறைத்துவிட்டு அவள் மேல் பழி போட்டேன். சந்தனத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்தப் பெரியவர், முதல் மாதம் என் முகத்தைப் பற்றிக் கேட்டவர், முன்னால் வந்தார்.

“இந்த டியூபு எங்கேருந்து வந்துச்சு?”

“கீழ, மருந்துக் கடையிலங்க.”

“அந்தப் பிளாஸ்க்ல இருக்கற மருந்து?”

“அதுவும்... கீழேருந்துதாங்க.”

“கீழேருந்து வந்த மருந்து ஒன்னையே இந்தக் கோலம் பண்ணியிருக்குது. எங்க புள்ளைங்களுக்கு மட்டும் நல்லது பண்ணுமா?”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் கதவு திறக்கும் என்று நினைத்து வந்தவள், என் கையாலேயே தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு நின்றேன். அது வேறு, இது வேறு என்று ஏதோ சொல்லிப் பார்த்தேன். என் காதுக்கே அது நம்பும்படி இல்லை.

காசியம்மா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள்.

“நர்சம்மா, அந்த விழுத ஒனக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி மூணு நாளு நான் எங் கன்னத்துல பூசிப் பாத்தேன். ஒனக்கு எதுனா ஆச்சின்னா எங்க தலைல விடியும்னு. நீ இந்த ஊசிய ஒனக்குப் போட்டுப் பாத்திருக்கியா?”

“இது குழந்தைங்களுக்கு...”

“எம் புள்ளைக்குப் போடற அதே புட்டியிலேருந்து போட்டுக்கோ. நாங்க பாக்கறோம்.”

பெரியவர்களுக்குப் போடும் மருந்து இல்லை அது. விதிப்படி தப்பு; தெரிந்தால் என் வேலைக்கே ஆபத்து. இதைப் படிக்கிற யாரும் செய்துவிடாதீர்கள். ஆனால் அன்று என் கண்முன் இருந்தது அவள் இடுப்பில் இருந்த குழந்தை. பக்கத்து ஊரில் இருமல் இன்னும் நிற்கவில்லை.

கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். அவர்கள் எதிரிலேயே புட்டியைத் திறந்து மருந்தை ஏற்றினேன். இடது கை ரவிக்கையை மேலே சுருட்டி, வலது கையால் குத்திக்கொண்டேன். ஒருத்தரும் இமைக்கவில்லை.

“செரி, பாக்கலாம்” என்றார் பெரியவர். அவ்வளவுதான். எல்லோரும் கலைந்து போனார்கள், காசியம்மாவும்தான். மிச்ச மருந்தைக் கொட்டினேன்.

மறுநாள் கை வீங்கி, தூக்க முடியவில்லை. நல்ல காய்ச்சல். பாயில் சுருண்டு கிடந்தேன். காசியம்மா வந்தாள். உடம்பு எப்படி என்று கேட்கவில்லை. நேராக உட்கார்ந்து, வீங்கிய இடத்தை விரலால் அழுத்தினாள்.

“வலிக்குதா?”

“வலிக்குது.”

“எத்தினி நாளு வலிக்கும்?”

“ரெண்டு நாளு. காய்ச்சலும் இருக்கும்.”

“எங்ககிட்ட எறும்பு கடிச்சாப்புல இருக்கும்னு தானே சொன்ன? எம் பொண்ணு மொத ஊசிக்கு ராத்திரி முச்சூடும் நெருப்பாக் கொதிச்சா. நான் செத்துடுவாளோன்னு கெடந்தேன்.”

எனக்கு அது தெரியாது. எல்லாத் தாய்மாரிடமும் நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன், பயப்படக் கூடாதே என்று. அவள் சொல்லாமல் இருந்த சந்தனத்துக்கு நான் அவளைத் தெருவில் நிறுத்தினேன். நான் சொல்லாமல் விட்ட காய்ச்சலோடு அவள் தனியாக ஒரு இரவைக் கழித்திருக்கிறாள், அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல்.

“தப்புதான்” என்றேன்.

மூன்றாம் நாளும் வந்து கையைப் பார்த்தாள். வீக்கம் வடிந்திருந்தது. தலையை ஆட்டிவிட்டுப் போனாள்.

என் முகம் அடங்கத் தை மாதம் தாண்டிவிட்டது. பரு முழுசாகப் போக இன்னும் இரண்டு வருஷம். தழும்புகள் இப்போதும் இருக்கின்றன. காசியம்மாவின் விழுது பருவுக்கு நல்லதா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அதற்கு நான் ஒரு நியாயமான வாய்ப்பே கொடுக்கவில்லை.

நான் ஊசி போட்டுக்கொண்டதற்கு அடுத்த தடுப்பூசி நாளில் ஜமக்காளத்தில் ஒன்பது குழந்தைகள். ஒவ்வொரு தாயிடமும் முதலில் சொன்னேன்: வலிக்கும், வீங்கும், ராத்திரி காய்ச்சல் அடிக்கும், பயப்படாதீங்க, ரொம்பக் கொதிச்சா என்னை எழுப்புங்க. இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

காசியம்மா தன் பெண்ணுக்குப் போட்டுக்கொண்ட பிறகும் போகவில்லை. அழும் குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டே என் பக்கத்தில் நின்றாள். புட்டியைத் திறப்பது, மருந்தை ஏற்றுவது, ஊசியை மாற்றுவது என்று கடைசிக் குழந்தை வரை அவள் பார்வை என் கையை விட்டு நகரவில்லை.

நான் அவளைப் போகச் சொல்லவில்லை.